சந்தோஷமா வரைஞ்சு விடும்மா

ஜூன் 6, வெள்ளி

சின்னுவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் கூச்சல் தொடங்கிவிடுகிறது. போன வாரம் மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டி, "எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். மானம் போகிறது. அதனால் இனிமேல் சொல்ல வேண்டியதை எழுதி, சின்னுவின் பள்ளிப்பையில் முன் ஜிப்பில் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவள் உங்களிடம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அவளை இங்கே அனுப்பும்போது பதிலை அதே இடத்தில் வையுங்கள். நான்காக மடித்து ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்தால் போதும். பத்து வயதுப் பிள்ளை பிரித்தெல்லாம் படிக்கமாட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய வலது புருவத்தில் பாதியைக் காணோம். போன ஞாயிறு உங்களிடமிருந்து வந்தபோதுதான் கவனித்தேன். என்ன சோப்பு போடுகிறீர்கள், யார் துண்டால் துடைக்கிறாள், எனக்குத் தெரியாது. பார்த்தால் புழுவெட்டு மாதிரி இருக்கிறது. எட்டு வருடம் மருந்துக்கடை கவுண்ட்டரில் நின்றவளுக்கு இதுகூடத் தெரியாதா? களிம்பு வைத்திருக்கிறேன். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, பட்டாணி அளவில் பாதி. கண்ணில் படக்கூடாது. உங்கள் சோதனை எதையும் அவள் முகத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

சின்னுவின் அம்மா


ஜூன் 8, ஞாயிறு

சின்னுவின் அம்மாவுக்கு,

கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் ஒரு களிம்பைப் பற்றியது. பரவாயில்லை, கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

களிம்பு போட்டேன். அளவு சரியாகத்தான் போட்டேன், பட்டாணியை வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு. நீ திட்டுவாய் என்று தெரியும். ஆனால் நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். ஒரு லிஃப்ட் நடுவில் நின்றால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித்தான் பழுது எங்கே என்று கண்டுபிடிப்போம். அந்த மாதிரி தலையணை உறையை மாற்றினேன், சோப்பை மாற்றினேன், துண்டு புதிதாக வாங்கினேன். அப்புறம் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து நன்றாகப் பார்த்தேன். புருவம் மட்டுமில்லை. இடது கண்ணின் மேல் இமையில் நடுவில் முடியே இல்லை. அது உன் கண்ணில் படவில்லையா?

"எப்படிடா போச்சு?" என்றேன். "தானா விழுதுப்பா" என்றாள். பள்ளியில் போட்டோ எடுப்பதற்குள் முளைத்துவிடுமா என்று மட்டும் கேட்டாள்.

ஒரு நல்ல தோல் டாக்டரிடம் காட்டு. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பதும் டாக்டர் வேலையும் ஒன்றல்ல. நவம்பரில் நீதிபதி, பிள்ளை யாரிடம் இருப்பது என்று முடிவு சொல்லும்போது, 'அம்மா கவனிக்கவில்லை' என்று நான் சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே.

சின்னுவின் அப்பா


ஜூலை 11, வெள்ளி

சின்னுவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதற்காக இல்லை, களிம்பு கேட்கவில்லை என்பதற்காகத்தான் தோல் டாக்டரிடம் போனேன். அரை நாள் லீவு.

அந்த டாக்டர் அம்மா ஒரு விளக்கு வைத்த பூதக்கண்ணாடியைப் புருவத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். முடியைப் பிடித்து மெல்ல இழுத்தார், வரவில்லை. நகத்தைப் பார்த்தார், தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்புறம் நர்ஸோடு சின்னுவை எடை பார்க்க அனுப்பிவிட்டு என்னிடம் சொல்கிறார்: "புழுவெட்டா இருந்தா அந்த இடம் வழவழன்னு இருக்கும்மா. நகத்துல குழி குழியா இருக்கலாம். இங்க பாருங்க, ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை, ஒண்ணு பாதியில முறிஞ்சிருக்கு. நடுவுல புதுசா குத்துகுத்தா முளைச்சும் இருக்கு. முடி தானா விழல. உங்க பொண்ணே பிடுங்கிக்கறா."

"என் பொண்ணு என்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா கோபப்படவில்லை. "அந்த வார்த்தையை வீட்டுல சொல்லிடாதீங்க" என்றார். ஒரு புருவத்தை மூன்று வாரம் பிளாஸ்திரி போட்டு மூடிவையுங்கள், அடியில் முளைத்தால் சந்தேகமே இல்லை என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு பிள்ளை தன் கண்ணிமை முடியைத் தானே பிடுங்குமா? ஒன்று போனாலே கண்ணில் தண்ணீர் வருகிறது. எனக்கு நம்பிக்கையில்லை. அப்படியே இருந்தாலும் என் பக்கத்தில் இப்படி யாரும் கிடையாது. உங்கள் சித்தப்பா ஒருவர் சுவரோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். உங்கள் ரத்தம்தானே.

சின்னுவின் அம்மா


ஆகஸ்ட் 17, ஞாயிறு

சின்னுவின் அம்மாவுக்கு,

கடையில் இரவு ஷிஃப்ட் என்று அவளை என்னிடம் இரண்டு வாரம் விட்டாய். உன்னிடம் கேட்காமல் பிளாஸ்திரி போட்டேன். வலது புருவத்தில் மட்டும். "அடிபட்டவ மாதிரி இருக்கேன்ல?" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். குளித்ததும் பழையதை எடுத்து உடனே புதிது போடுவேன்.

நேற்று கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்திரிக்கு அடியில் ஒழுங்காக, ஒரே உயரத்தில் முளைத்திருக்கிறது, எள் முனை அளவுக்கு. மூடாத இடது புருவத்தில் இருந்ததும் போய்விட்டது. டாக்டர் சொன்னது சரி.

இன்னொன்றும் சொல்கிறேன். என் கண்ணாலேயே பார்த்தேன். வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். ஜன்னலோரம் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இமையைத் தடவித் தடவித் தேடின. ஏதோ ஒன்று அகப்பட்டது. ஒரு சுண்டு. எடுத்து வெளிச்சத்தில் வேரைப் பார்த்தாள், உதட்டில் வைத்துப் பார்த்தாள், புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டினாள். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஏழெட்டு ஒட்டியிருந்தன, வரிசையாக. இவ்வளவையும் யாரோ வேறொருத்தியின் கை செய்வதுபோலத்தான் இருந்தது. அவள் பாட்டுக்குக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வலிக்கலையாம்மா?" என்றேன். திடுக்கிட்டுப் புத்தகத்தை மூடினாள். மூடிய அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "வர்ற வரைக்கும்தான்ப்பா ஒரு மாதிரி இருக்கும். வந்துட்டா சரியாயிடும்" என்றாள். எது சரியாயிடும் என்று கேட்டேன். தெரியாதாம்.

நீ என் ரத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாய். என் ரத்தம் இருக்கட்டும். எப்போது பார்த்தாலும் யாரையாவது குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் முடி நிற்காது. என்னிடம் இருந்த இரண்டு வாரத்தில் ஒரு புருவமாவது முளைத்திருக்கிறது. அதை நீதிபதியிடம் சொல்லத்தான் போகிறேன்.

சின்னுவின் அப்பா


செப்டம்பர் 5, வெள்ளி

சின்னுவின் அப்பாவுக்கு,

மூடிவைத்தால் முளைக்காதா? பெரிய கண்டுபிடிப்பு. சொல்லுங்கள் நீதிபதியிடம், பிளாஸ்திரியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று நான் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானே எழுதிக்கொடுக்கிறேன், உங்களுக்கு வேலை மிச்சம். அவள் நகத்தை ஒட்ட வெட்டினேன், ஒரு விரலில் ரத்தம் வந்துவிட்டது. வீட்டில் இருக்கும்போது இரண்டு கைக்கும் சாக்ஸ் மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "கையை எடு, கையை எடு" என்றேன். நாலாம் நாள் பாத்ரூமில் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். தட்டினேன், கெஞ்சினேன். முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது நீங்கள் முளைக்கவைத்த புருவமும் இல்லை, கீழ் இமையும் இல்லை. கன்னத்தில் அறைந்துவிட்டேன். அடித்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது இமை முடி சுத்தமாக இல்லை. காற்றடித்தால் தூசி நேரே கண்ணுக்குள் போகிறது, எப்போதும் சிவந்திருக்கிறது. வகுப்பில் 'மீன்' என்று கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவளும் சிரிக்கிறாள்.

காலையில் பள்ளிக்குப் போகுமுன் என் பென்சிலால் புருவம் வரைந்துவிடுகிறேன். முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நாளெல்லாம் என்னைத் தொடவிடாதவள் அந்த இரண்டு நிமிடம் மட்டும் நிற்கிறாள். நேற்றுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கோவமா இருக்கற மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் சந்தோஷமா வரைஞ்சு விடும்மா" என்றாள். அழித்து அழித்து மூன்று தரம் வரைந்தேன். எனக்கு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அப்படியே அனுப்பினேன்.

டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி போனேன். குழந்தைகள் மனநல டாக்டர் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார். அவர் கட்டம் போட்ட ஒரு நோட்டு கொடுத்தார். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கை கண்ணுக்குப் போகிறது என்று இரண்டு வீட்டிலும் குறிக்க வேண்டுமாம். பைக்குள் இருக்கிறது. மறக்காமல் எழுதுங்கள்.

சின்னுவின் அம்மா


செப்டம்பர் 23, செவ்வாய்
தபாலில்

சின்னுவின் அம்மாவுக்கு,

இதைப் பையில் வைக்காமல் தபாலில் அனுப்புகிறேன். காரணம் உள்ளே இருக்கிறது. உட்கார்ந்து படி.

நோட்டில் நீ குறித்ததையும் நான் குறித்ததையும் ஒரே தாளில் எழுதினேன். பழுதுக் குறிப்பு எழுதுகிற பழக்கம். திங்கள் கொஞ்சம், செவ்வாய் கொஞ்சம், புதன், வியாழன் ஏறக்குறைய இல்லை. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் பார்த்தால் கட்டம் பத்தவில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற நேரம். பஸ்ஸில் அவள் என்ன செய்கிறாள் என்று யோசித்தேன்.

அப்புறம் உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதே. நீ ஒரு பின்தான் அடிப்பாய். ஒவ்வொரு தாளிலும் பின் போட்ட துளை கொஞ்சம் பெரிதாகி இழுபட்டிருக்கிறது. பின்னின் கால் இரண்டும் ஒரு தரம் நிமிர்த்தி மறுபடி மடக்கியதுபோல நெளிந்திருக்கின்றன. நான் அப்படிப் பிரிப்பவன் இல்லை, பிய்த்துத்தான் எடுப்பேன்.

கேட்டேன். திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டேன். "நகத்தால நிமித்தினா வந்துடும்ப்பா. படிச்சிட்டு அதே ஓட்டையில போட்டுடுவேன்" என்றாள். நகத்தை வெட்டிய பிறகு பென்சில் முனையால் எடுத்தாளாம். ஜூன் மாதம் முதல் கடிதத்திலிருந்து. ஒன்றையும் விடவில்லை.

நீ எழுதிய 'பைத்தியம்' அவளுக்குத் தெரியும். சித்தப்பாவையும் ரத்தத்தையும் தெரியும். 'எந்தப் பிள்ளைக்கும் முடி நிற்காது' என்று நான் எழுதியதைப் பார்க்காமலே ஒப்பித்தாள், செய்யுள் மாதிரி. அந்தக் கடிதத்தை எழுதி முடித்தபோது, சரியான பதில் கொடுத்தோம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏழு நிறுத்தம். அதற்குள் படித்து, பின்னைப் போட்டு, பிடுங்கி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிச் சிரிப்பாள். நான்தான் நிறுத்தத்தில் நின்று கையாட்டிக்கொண்டிருப்பேன், முட்டாள்.

இனி அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டும் வேண்டாம். தபாலிலும் அவசரம் என்றால் மட்டும்.

சின்னுவின் அப்பா


அக்டோபர் 11, சனி
தபாலில்

சின்னுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் எனக்குக் கடையில் மருந்து பெயர் கண்ணில் ஏறவில்லை. ஒரு பெரியவருக்கு மாற்றிக் கொடுக்க இருந்தேன், பக்கத்தில் இருந்தவள் பார்த்துத் தடுத்தாள். நான் உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு வரியும் ஞாபகம் வருகிறது. அதை அவள் குரலில் படித்துப் பார்க்கிறேன்.

நீங்கள் சொன்னபடி நிறுத்திவிட்டோம். மூன்று வாரம் ஆகிறது. குறையும் என்று நினைத்தேன். முதல் வெள்ளி அவள் முன் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். "இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?" "இல்லடா, நாங்க இப்ப சண்டை போடறதில்ல." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "லெட்டர் இருந்தா எவ்வளவு கோவம்னு தெரிஞ்சுடும்மா. இப்ப ஒண்ணுமே தெரியல."

இப்போது புதன், வியாழனிலும் கட்டம் நிறைகிறது. இமை முடிந்துபோய் உச்சந்தலையில் ஆரம்பித்திருக்கிறாள். அங்கே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழுக்கை. மனநல டாக்டரிடம், "எப்ப சரியாகும்?" என்று கேட்டேன். "கை பழகிடுச்சு. பழகின கையை மாத்தறதுக்கு மாத்திரை கிடையாது. மெதுவாத்தான் பாக்கணும். வருஷக்கணக்கா திரும்பத் திரும்பப் பிடுங்கினா சில இடத்துல முடி வேரே செத்துடும், அப்புறம் வராமலே போகலாம்" என்றார். மருந்துக்கடைக்காரியிடம் மருந்து இல்லை என்கிறார். நான் என்ன செய்ய?

அடுத்த மாதம் 6ஆம் தேதி கோர்ட்டில் பார்க்கலாம். அதுவரை எழுத ஒன்றுமில்லை.

சின்னுவின் அம்மா


நவம்பர் 6, வியாழன்
தபாலில்

சின்னுவின் அம்மாவுக்கு,

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

நீ ஏன் அப்படிச் சொன்னாய்? ஆறு மாதமாகப் பிள்ளை எனக்குத்தான் என்று நின்றவள், இன்று நீதிபதி கேட்டதும் எழுந்து, 'அவர்கிட்டயே இருக்கட்டும் ஐயா, என்கிட்ட வேண்டாம்' என்கிறாய். எனக்குக் காதில் விழுந்தது விளங்கவே இல்லை. ஏனென்றால் நானும் அதே தீர்மானத்தோடுதான் வந்திருந்தேன். மூன்று வாரம் யோசித்து, என் பிடிவாதத்தால்தான் அவள் இரண்டு வீட்டுக்கும் அலைகிறாள், நான் விட்டுக்கொடுத்தால் ஒரே இடத்தில் நிம்மதியாக இருப்பாள் என்று முடிவு செய்தேன். வாயில் வைத்திருந்த வார்த்தை நீ உட்கார்ந்ததும் தானாக வந்துவிட்டது. 'இல்லைங்க, அம்மாகிட்டயே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்.'

'எனக்கு வேண்டாம்' என்றுதான் சொன்னேன். வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

எழுதுவதை நிறுத்தினோமே, இதை மட்டும் ஒரு வரி எழுதித் தொலைத்திருக்கக்கூடாதா, நீயோ நானோ?

அவள் பெஞ்சில் நம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறு உத்தரவு வரும்வரை இப்போதிருப்பதுபோலவே தொடரட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். நான் கீழே குனிந்து அவளிடம் ஏதாவது சொல்வதற்குள் நீ அவளை அழைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாய். இது உன் கைக்கு வருமுன் நாளை வெள்ளிக்கிழமை வந்துவிடும். அவளை அனுப்புவாய் என்ற நம்பிக்கையில் நிறுத்தத்தில் நிற்பேன்.

சின்னுவின் அப்பா


நவம்பர் 10, திங்கள்
தபாலில்

சின்னுவின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். நான் தடுக்கவில்லை. கிளம்பு என்றேன், சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாதான் வேண்டாம்னாங்களே" என்றாள். "நீயும்தான் வேண்டாம்னே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் இந்த மருந்து இல்லை என்று நான் சொல்வேனே, அப்படிச் சொன்னாள்.

நான் ஏன் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். உங்களிடம் இருந்தபோது ஒரு புருவமாவது முளைத்ததே, அதுதான். நான் அடித்தவள். உங்களிடம் விட்டால் பிழைப்பாள் என்று நினைத்தேன். இதை அவளிடமும் சொன்னேன், ஒன்றுக்குப் பத்துத் தரம் சொன்னேன். அப்பாவும் உன் நல்லதுக்குத்தான் சொன்னார் என்றேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை, நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

வியாழக்கிழமை கோர்ட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நாலு நிறுத்தம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "முடி இல்லாததாலயாம்மா?" என்று கேட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. "என்னடா?" என்றேன். "புருவம் முளைச்சிட்டா யாராவது ஒருத்தர் வச்சுப்பீங்களா?" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு கத்தி அழுதேன். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கச் சொல்லாததுதான் பாக்கி. அவள் அழவில்லை. என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து நாலு நாளாக அவள் கை முகத்துக்குப் போகவே இல்லை. நோட்டில் ஒரு கட்டம்கூட நிறையவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால்தான் கையை எடுக்கிறாள், சாப்பிட்டதும் மறுபடி அடியில் வைத்துக்கொள்கிறாள். டாக்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார். எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்றுக் காலை கண்ணாடி முன்னால் நின்று, "கொஞ்சம் வந்திருக்கா பாரும்மா" என்றாள். ஒன்றும் வரவில்லை. வந்திருக்கிறது என்றேன்.

இந்த வாரம் வேலை எதுவாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். நான் சத்தம் போடமாட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியாது. ஆனால் எழுதி அனுப்ப வேண்டாம். தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

சின்னுவின் அம்மா